நெற்களத்தில் முளைத்த மருந்துத் தெரு

ரொம்ப நாளா ட்ராஃப்ட்லயே தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சு. போன வாரம் வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது தாத்தாவோட பித்தளைக் கல்வம் கையில் கிடைச்சது. இனிமே தள்ளிப் போடக்கூடாதுன்னு உட்கார்ந்துட்டேன்.

எங்க தாத்தா நாட்டு மருந்துக் கடை வச்சிருந்தவர். கடைக்குள்ள நுழைஞ்சாலே வசம்பும் சுக்கும் அதிமதுரமும் கலந்த ஒரு வாசனை வரும். 2017 டிசம்பரில் வேலை விஷயமா தைவான் தலைநகர் தைபே போயிருந்தப்போ, ஒரு சனிக்கிழமை சும்மா ஊர் சுத்தக் கிளம்பினேன். ஒரு தெரு முனை திரும்பினதும் அதே வாசனை! பாஷை தெரியாது, எழுத்து படிக்கத் தெரியாது, ஆனா மூக்குக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சிருந்தது. அந்தத் தெருவுக்குப் பேர் டிஹுவா தெரு.

சாக்குப் பைகளில் செந்நிறப் பேரீச்சை (சீன இலந்தைன்னு சொல்றதுதான் சரி), கோஜி பெர்ரி, உலர்ந்த தாமரை விதை, சீவல் சீவலா வெட்டின வேர்கள். கடைக்குள்ள சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி மர இழுப்பறைகள். சீனத்தில் இதை 'நூறு பிள்ளைகள் அலமாரி'ன்னு சொல்லுவாங்களாம். ஒரு பெரியவர் சின்னத் தராசில் எடை போட்டு, காகிதத்தை விரிச்சு வரிசையா வேர்களைப் பங்கு போட்டுக்கிட்டிருந்தார். அப்படியே எங்க தாத்தா.

அன்னைக்கு ஆரம்பிச்ச கிறுக்கு. அதுக்கப்புறம் கிடைச்சதையெல்லாம் படிச்சு, 2019 ஜனவரியில் இன்னொரு தடவையும் போய்ப் பார்த்து, சேர்த்து வச்சதுதான் கீழே இருக்கிற கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நெல் காயப்போட்ட இடம்

டிஹுவா தெரு இருக்கிற பகுதிக்குப் பேர் தாதாவ்செங். 'பெரிய நெற்களம்'னு அர்த்தம். நம்மூர் பாஷையில் களத்துமேடு. தாம்சூய் ஆத்தங்கரையில் நெல் காயப்போட்டுக்கிட்டிருந்த வெறும் இடம். 1851இல் கீலுங் துறைமுகப் பக்கத்திலிருந்து வந்த லின் லான்-தியன் என்கிற வியாபாரி இங்கே கடை கட்டினார். தெருவோட கதை அவர்கிட்ட இருந்துதான் தொடங்குது.

ஆனா தெரு பெரிசானதுக்குக் காரணம் ஒரு அடிதடி. அந்தக் காலத்துல தைபேயோட பெரிய வியாபாரத் துறை பாங்கா, தாதாவ்செங்குக்குத் தெற்கே அதே ஆத்தங்கரையில் இருக்கு. அங்கே இருந்தவங்க எல்லாருமே சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்து குடியேறினவங்கதான். இருந்தாலும் எந்த வட்டாரத்துக்காரன், எந்தத் துறை யாருக்குன்னு கோஷ்டிச் சண்டை. 1853இல் அது முற்றி, தோங்ஆன் வட்டாரத்துக்காரங்களோட வீடுகள் கொளுத்தப்பட்டன. தோத்துப்போன தோங்ஆன்காரங்க தங்களோட ஊர்க்காவல் தெய்வத்தைத் தூக்கிக்கிட்டு வடக்கே ஓடி வந்தாங்க. தெய்வத்தைக் காப்பாத்தப் போய் 38 பேர் செத்துப்போனதா சொல்றாங்க. 1859இல் கட்டி முடிச்ச நகரக் காவல் தெய்வக் கோயில் இன்னைக்கும் அந்தத் தெருவில் இருக்கு. அந்த 38 பேருக்கும் உள்ளே தனி இடம் உண்டு. நம்ம ஊர்ல ஊருக்காகச் செத்தவன் சாமியாகிறது மாதிரியேதான்.

(இப்போ அந்தக் கோயிலுக்குக் கூட்டம் வேற விஷயத்துக்கு வருது. 1971இல் அங்கே கல்யாணம் கூட்டிவைக்கிற தெய்வத்துக்கும் ஒரு சிலை வச்சாங்க. இருபது முப்பது வயசுப் பசங்க, பொண்ணுங்க வரிசையில் நிக்கிறாங்க. என் கூட வந்த ஆபீஸ் நண்பர் "நீயும் கும்பிட்டுக்கோ"ன்னார். "எனக்கு ஆயிடுச்சுய்யா, இப்ப அதுல இருந்து காப்பாத்துற தெய்வம் இருந்தா சொல்லு"ன்னேன். வீட்டுல இந்தப் பதிவைப் படிக்க மாட்டாங்க என்கிற தைரியம்தான்.)

அடி வாங்கி வந்தவங்களுக்கு அதிர்ஷ்டம் ஆத்து வழியா வந்துச்சு. 1858 தியான்ஜின் ஒப்பந்தத்துக்கு அப்புறம் தாம்சூய் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. பாங்கா துறையில் மணல் சேர்ந்து கப்பல் வர முடியாமப் போக, வணிகம் தாதாவ்செங் பக்கம் நகர்ந்தது. ஜான் டாட் என்கிற ஆங்கிலேயரும் அவரோட கூட்டாளி லீ சுன்-ஷெங்கும் 1869இல் இரண்டு கப்பல் நிறைய ஊலோங் தேயிலையை நேரா நியூயார்க்குக்கு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் தேயிலை, கற்பூரம், சர்க்கரைன்னு பணம் கொட்டிச்சு.

மருந்து எங்கே வந்துச்சுன்னு கேட்கிறீங்களா? தைவானிலிருந்து அரிசியும் சர்க்கரையும் ஏத்திக்கிட்டுப் போன படகுகள் ஃபூஜியன் துறைகளில் இருந்து திரும்பி வரும்போது காலியா வருமா? துணி, காகிதம், உலர் பண்டம், மருந்து வேர்கள் ஏத்திக்கிட்டு வந்தாங்க. படகுத்துறைக்கு அடுத்த தெரு டிஹுவா. அதனால இன்னைக்கும் அந்தத் தெருவில் மூணே மூணு வியாபாரம்தான் பிரதானம்: மருந்து, உலர் பண்டம், துணி. நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி படகில் என்ன வந்துச்சோ, அதுதான் இன்னைக்கும் கடையில்.

கடுக்காய்க்குச் சீனத்தில் என்ன பேர்?

இங்கே நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு இருக்கு. சும்மா ஒட்ட வைக்கிற கதை இல்லை, நிஜமாவே இருக்கு.

தோங்ஆன் என்பது ச்சுவான்ஜோ ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த வட்டாரம். ச்சுவான்ஜோன்னதும் வரலாற்று ஆர்வலர்களுக்கு மணி அடிச்சிருக்கும். 1281ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்ச அதே துறைமுகம்! நம்ம வணிகர்கள் அங்கே சிவன் கோயிலே கட்டியிருந்தாங்க. மிளகும் வாசனைப் பொருளும் அந்தக் கடல்வழியில்தான் போச்சு.

பேர்களில் இன்னும் அந்தச் சுவடு இருக்கு. சீன மருத்துவத்தில் திப்பிலிக்குப் பேர் 'பீபா'. பிப்பலி என்கிற வடமொழிச் சொல்தான் தேய்ஞ்சு அப்படி ஆனது. கடுக்காய்க்குப் பழைய பேர் 'ஹலிலெ', ஹரீதகி என்பதிலிருந்து வந்தது. எதிர்த் திசையிலும் சரக்கு வந்திருக்கு. சித்த மருத்துவத்தில் பறங்கிப்பட்டைன்னு ஒண்ணு இருக்கே, சீனத்து வேர் அது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மூலமா கோவாவுக்கு வந்து பிரபலமாச்சு. பேரிலேயே பறங்கியர் உட்கார்ந்திருக்காங்க பாருங்க. நான் தெரு முனையில் வாசனை பிடிச்சு நின்னேனே, அது என் மூக்கோட பிரமை இல்லை. அதிமதுரம் ரெண்டு பக்கமும் உண்டு. அங்கே அதுக்குப் பேர் 'இனிப்புப் புல்'.

செய்முறையும் அப்படித்தான். நாம எந்த மூலிகையையும் சுத்தி செய்யாம மருந்தில் சேர்க்க மாட்டோம் இல்லையா, அவங்களும் அப்படியே. ரெஹ்மான்னியா கிழங்கை ஒன்பது தடவை அவிச்சு, ஒன்பது தடவை காயவச்சு, கன்னங்கரேல்னு ஆனப்புறம்தான் பயன்படுத்துவாங்க. அந்தக் கிழங்கும் இன்னும் மூணு வேர்களும் சேர்ந்ததுதான் 'நாலு பொருள் கஷாயம்'. தைவானில் பிரசவம் ஆன பெண்களுக்கும் மாதவிலக்கு முடிஞ்ச பெண்களுக்கும் வீட்டில் வச்சுக் கொடுக்கிறது. நம்ம வீட்டுப் பிரசவ லேகியம் மாதிரி. இதெல்லாம் வைத்தியர் எழுதிக் கொடுக்கிற மருந்து இல்லை, சமையல்கட்டு மருந்து. இதை மனசில் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆளோடு சாகிற உரிமம் - முதல் தடவை

1895இல் தைவான் ஜப்பான் கைக்குப் போச்சு. தெருவோட இன்றைய முகம் அந்தக் காலத்தில் வந்ததுதான். செங்கல், சிமெண்ட் பூ வேலைப்பாடு, ஐரோப்பிய பாணி முகப்புகள். ஒரு மருந்துக் கடை முகப்பில் ஜின்செங் வேரையே அலங்காரமாச் செதுக்கியிருக்காங்க. முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவுல வெளிச்சத்துக்கு முற்றம். கடை முன்னாடி மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கத் தாழ்வாரம். சிங்கப்பூர், மலேசியா நண்பர்களுக்கு 'அஞ்சடி'ன்னு சொன்னா உடனே புரியும். 1917இல் இங்கே வந்த கட்டடம் ஒண்ணு வாட்சன்ஸ் மருந்தகம். ஆமாங்க, மால்களில் பார்க்கிற அதே வாட்சன்ஸ் பேர்தான். ஆங்கில மருந்தும் சீன மருந்தும் ஒரே தெருவில்.

வெளியே அழகாச் செஞ்ச அதே அரசாங்கம் உள்ளே ஒரு காரியம் பண்ணிச்சு. 1901இல் பாரம்பரிய வைத்தியர்களுக்கு உரிமம் கொடுக்க ஒரு விதி போட்டாங்க. சுமார் 1,900 பேருக்கு உரிமம் கொடுத்தாங்க. அவ்வளவுதான், கதவைச் சாத்திட்டாங்க! யாரையும் ஜெயிலில் போடலை, யார் கடையையும் உடைக்கலை. இருக்கிறவங்க இருந்துட்டுப் போகட்டும், புதுசா யாரும் வரக்கூடாது. 1945இல் ஜப்பான் வெளியேறும்போது உரிமம் உள்ள வைத்தியர்கள் நூறு பேருக்கும் கீழே.

ஆனா மருந்துக் கடைகளை அப்படிச் சாத்தலை. வைத்தியர் இல்லாத ஊரில் ஜனங்க எங்கே போவாங்க? கடைக்காரர்கிட்டதான். நாடி பார்த்தவர் போயிட்டார், எடை போட்டவர் தங்கிட்டார். டிஹுவா தெரு மாதிரி இடங்கள் வெறும் கடைத்தெருவா இல்லாம, ஒரு அறிவுக்கே புகலிடமா ஆனது இப்படித்தான்னு எனக்குத் தோணுது.

பேர் மாறின தெரு

1947இல் தைபேயின் தெருக்களுக்கெல்லாம் சீன நகரங்களோட பேரை வச்சாங்க. சீன வரைபடத்தைத் தைபே மேல விரிச்ச மாதிரி, நகரத்தின் வடமேற்கில் இருக்கிற தெருவுக்குச் சீனாவின் வடமேற்கில் இருக்கிற ஊர்ப் பேர். டிஹுவா என்பது சின்ஜியாங் தலைநகரின் அந்நாளைய பேர். 1954இல் சீனாவே அந்தப் பேரைத் தூக்கிட்டு உரும்சின்னு மாத்திடுச்சு. தைபேயில் மட்டும் பழைய பேர் அப்படியே நிக்குது. அதே 1947 பிப்ரவரி 27 அன்னைக்கு, இந்தத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கள்ள சிகரெட் வித்த ஒரு விதவையை அதிகாரிகள் அடிச்சாங்க. அதுதான் '228' என்கிற பெருங்கலவரமா, படுகொலையா வெடிச்சது. அதை எழுதணும்னா தனிப்பதிவே வேணும்.

அடுத்த முப்பது வருஷம் வியாபாரம் ஓஹோ. சீனாவோட நேரடி வணிகம் கிடையாதுங்கறதால வேர்கள் ஹாங்காங் சுத்தி வந்துச்சு. தீவு முழுக்க மொத்த வியாபாரம் இங்கிருந்துதான்.

இருபது மீட்டர்

1977இல் நகராட்சி ஒரு திட்டம் போட்டது. 7.8 மீட்டர் அகலம் இருக்கிற தெருவை 20 மீட்டர் ஆக்கணும். அதாவது ரெண்டு பக்கத்து முகப்பும் காலி. இதில் முக்கியமான விஷயம், கடைக்காரங்க எல்லாரும் இதை எதிர்க்கலை. தெரு அகலமானா மாடி மேல மாடி கட்டலாம், நிலம் விலை ஏறும். பழைய வீட்டில் ஒழுகல், கரையான், கக்கூஸ் பிரச்சனை. வெளியூர்க்காரன் வந்து "ஆஹா, என்ன கலை"ன்னு படம் எடுத்துட்டுப் போயிடுவான், குடியிருக்கிறவனுக்குத்தானே தெரியும் வலி? இதுல நியாயம் இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

1988இல் ஒரு கலாசார அறக்கட்டளை 'எனக்கு டிஹுவா தெரு பிடிக்கும்'னு ஒரு இயக்கம் தொடங்கிச்சு. வருஷக்கணக்கா இழுபறி. கடைசியில் 2000இல் தாதாவ்செங்கை வரலாற்றுச் சிறப்புப் பகுதியா அறிவிச்சு, ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டுபிடிச்சாங்க. எளிமையா சொல்றேன். உங்க இடத்தில் ஆறு மாடி கட்டுற உரிமை இருக்குன்னு வச்சுக்குங்க. பழைய வீடு ரெண்டு மாடிதான். மீதி நாலு மாடி கட்டுற உரிமையை நகரத்தில் வேற இடத்தில் கட்டுறவருக்கு வித்துடலாம். பதிலுக்குப் பழைய முகப்பைச் செப்பனிட்டு வச்சுக்கணும். வீட்டுக்காரருக்குப் பணமும் ஆச்சு, தெருவும் தப்பிச்சுது. பாரம்பரியம், புண்ணாக்குன்னு பிரசங்கம் பண்ணாம, "உன் நஷ்டம் எவ்வளவு, இந்தா"ன்னு கணக்குத் தீர்த்தாங்க பாருங்க, அங்கேதான் ஜெயிச்சாங்க.

1996லிருந்து சீனப் புத்தாண்டுக்கு முன்னாடி பெரிய சந்தை. 2019இல் அதில் மாட்டிக்கிட்டேன், தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருதான். 2010க்கு அப்புறம் பழைய வீடுகளில் காபிக்கடை, புத்தகக்கடை, பீங்கான் கடை, நாடக அரங்குன்னு இளைஞர்கள் வந்தாங்க. தீவிபத்தில் கருகிக்கிடந்த வாட்சன்ஸ் கட்டடத்தையும் சரி பண்ணித் திறந்தாச்சு. மறுமலர்ச்சி, சுபம், வணக்கம்னு இங்கேயே முடிச்சிருப்பேன்.

ஆளோடு சாகிற உரிமம் - ரெண்டாம் தடவை

ரெண்டாவது தடவை போனப்போ ஆபீஸ் நண்பர் ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனார். கடைக்காரருக்கு எழுபது தாண்டியிருக்கும். நண்பர் அவரை 'அ-பே'ன்னு கூப்பிட்டார். பெரியப்பாங்கிற மாதிரி. டீ கொடுத்தார். டாங்குயி வேரைக் காட்டி, தலைக்கு ஒரு குணம், உடம்புக்கு ஒரு குணம், வாலுக்கு ஒரு குணம்னு விளக்கினார். பக்கத்தில் மகன் நின்னுக்கிட்டு வேர் சீவிக்கிட்டிருந்தார். "அப்போ அடுத்தது இவர்தானா?"ன்னு கேட்டேன். பெரியவர் சிரிச்சுட்டு ஏதோ சொன்னார். நண்பர் மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினார். "நான் செத்தா கடையும் சேர்ந்து சாகும்"னாராம்.

காரணம் சட்டம். 1993இல் தைவான் மருந்துச் சட்டத்தைத் திருத்தினப்போ, இந்தத் தொழில் முறையாப் படிச்ச மருந்தாளுநர், வைத்தியர் கையில் இருக்கணும்னு முடிவு பண்ணினாங்க. ஏற்கெனவே உரிமம் வச்சிருந்தவங்க தொடரலாம். அப்பாகிட்டயே கத்துக்கிட்ட மகனுக்கு அந்த வழியில் புது உரிமம் கிடையாதுன்னு ஆச்சு. வருஷா வருஷம் கடைகள் மூடுது, வியாபாரிகள் தெருவில் இறங்கிப் போராடியும் பார்த்துட்டாங்க. 1901 ஞாபகம் வருதா? இன்னொரு பக்கம், 1995இல் வந்த தேசிய மருத்துவக் காப்பீடு சீன வைத்தியத்துக்கும் பணம் கொடுக்குது. ஆனா மருந்துன்னா ஆலையில் செஞ்ச பொடிக்குத்தான், அடுப்பில் வைக்கிற வேருக்கு இல்லை. நோயாளி கிளினிக்குக்குப் போய்ப் பொடி வாங்கிக்கிறார்.

அநியாயம்னு உடனே கொடி பிடிக்கத்தான் எனக்கும் தோணிச்சு. அப்புறம் இன்னொன்னு படிச்சேன். அரிஸ்டோலோக்கியா என்கிற செடிக் குடும்பத்து மூலிகைகள் சீன மருந்துகளில் காலங்காலமா இருந்தவை. அதில் இருக்கிற அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வரவைக்கும். தைவான் 2003இல் தடை பண்ணிச்சு. 2012இல் வந்த ஆய்வு, தைவானில் அந்தப் புற்றுநோய் அதிகமா இருக்கிறதுக்கு இந்த மூலிகைகளும் காரணம்னு மரபணுச் சுவடோட காட்டிச்சு. நூறு தலைமுறை அனுபவத்துக்கு ஏன் இது தெரியலை? இருபது வருஷம் கழிச்சு வர்ற வியாதியைக் கஷாயத்தோட யார் முடிச்சுப் போட்டுப் பார்க்கப் போறாங்க?

அந்தச் செடிக் குடும்பம் நமக்கும் தெரிஞ்சதுதான். ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை ரெண்டும் அதே இனம். தாத்தா கடையில் ஈஸ்வரமூலி வேர் பொட்டலம் கட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவர் யாரையும் ஏமாத்தலை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதைப் படிச்ச ராத்திரி சரியாத் தூக்கம் வரலை.

அதனால 'சட்டம் தப்பு, பெரியவர் சரி'ன்னு என்னால சொல்ல முடியலை. சோதனை வேணும், படிப்பு வேணும், தடை பண்ண வேண்டியதைத் தடை பண்ணணும். ஆனா வேரை மோந்து பார்த்தே நல்லது கெட்டது சொல்ற அந்த மகனுக்கு ஒரு பரீட்சை வச்சு, தேறினா உரிமம் கொடுன்னு ஒரு கதவாவது திறந்து வைக்கலாமே? முகப்புக்கு அவ்வளவு அழகாக் கணக்குத் தீர்த்தவங்களுக்கு, உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கத் தெரியாதா? கட்டடத்தைக் காப்பாத்தி, ஆளை விட்டுட்டா மிஞ்சறது வாசனை இல்லாத தெருதான்.

இவ்வளவு பேசுறேனே, எங்க தாத்தா கடை என்ன ஆச்சு? எந்தச் சட்டமும் அதை மூடலை. எந்த அரசாங்கமும் தெருவை அகலப்படுத்தலை. எங்கப்பா வங்கி வேலைக்குப் போனார், நான் கணினி வேலைக்கு வந்தேன். தாத்தா படுத்தப்புறம் ஒரு வாரத்தில் அலமாரியை எடைக்குப் போட்டோம். அங்கே மகனுக்கு ஆசை இருக்கு, உரிமம் இல்லை. இங்கே எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை, ஆசைதான் இல்லை. அந்தப் பெரியவர் டீ ஊத்திக் கொடுத்துட்டு "உங்க தாத்தா கடையை இப்ப யார் பாத்துக்கறாங்க?"ன்னு கேட்டப்போ, தலையைக் குனிஞ்சுக்கிட்டு டீயைக் குடிச்சேன்.

கல்வத்தைப் புளி போட்டுத் தேய்ச்சு மேசை மேல வச்சிருக்கேன். இப்போதைக்கு அதில் இஞ்சியும் ஏலக்காயும்தான் இடிபடுது.

கொசுறு: தைபே போறவங்க தெரு முனைக் கடைகளில் 'நாலு தெய்வ சூப்' குடிச்சுப் பாருங்க. தாமரை விதை, மக்கானா எல்லாம் போட்டது. சைவர்கள் முன்னாடியே கேட்டுக்குங்க, வழக்கமா பன்றிக்குடல் சேர்ப்பாங்க. நான் கேட்காம வாங்கிட்டு முழிச்ச கதை இன்னொரு நாள்.

டிஸ்கி: மேலே சொன்ன எதையும் படிச்சுட்டு யாரும் சொந்தமா வைத்தியம் பண்ணிக்காதீங்க. நான் வைத்தியரோட பேரன்கூட இல்லை, கடைக்காரரோட பேரன். உங்க ஊர் நாட்டு மருந்துக் கடை இன்னும் திறந்திருக்கா? இருந்தா பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.